முந்தி வரும் கிருபை

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் 2-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனம், உங்கள் இரட்சிப்புக்காக நீங்களே அச்சத்தோடு பாடுபடுங்கள் என்கிறது. அடுத்த வசனமோ, விரும்புவதும் செய்வதும் உங்களுக்குள் தேவன் நடத்தும் வேலை என்கிறது. பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எதை முன்னே வைப்பது என்பதில்தான் திருச்சபை பதினாறு நூற்றாண்டுகளாக வழக்காடி வருகிறது.

வழக்கைத் தொடங்கியவர் பெலேஜியஸ் என்ற பிரித்தானியத் துறவி. ரோமில் கிறிஸ்தவர்களின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு மனம் நொந்தவர். கட்டளையிட்ட தேவன் அதைச் செய்யும் திறனையும் மனிதனிடம் வைத்திருக்கிறார், ஆகவே சாக்குச் சொல்ல இடமில்லை என்பது அவர் கட்சி. ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் இதை எதிர்த்தார். தன் இச்சையோடு ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்றவர் அவர். ஆதாமின் வீழ்ச்சியில் சித்தமே கட்டுண்டுபோனது, கிருபை அவிழ்த்துவிடாமல் அது தேவனை நாடாது என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேஜியஸின் போதனையைத் தள்ளியது.

தெற்கு பிரான்சின் துறவிகளுக்கு அகுஸ்தீனும் உறுத்தினார். சில வேளைகளில் முதல் அடியை மனிதனும் எடுத்து வைக்கிறான் என்றார் மர்செய் நகரின் ஜான் காசியன். மேற்கில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட இவரைக் கிழக்குத் திருச்சபை இன்றும் புனிதராகப் போற்றுகிறது. கிருபையும் சித்தமும் கூடி உழைப்பதே அங்கு ஆதிமுதல் போதனை.

529 ஜூலையில் பிரான்சின் ஆரஞ்சு நகரில் ஓர் ஆலயப் பிரதிஷ்டைக்காக 14 ஆயர்கள் கூடினார்கள். ஆர்ல் நகர ஆயர் சிசேரியஸ் தலைமையில் அங்கே 25 தீர்மானங்களுக்குக் கையொப்பமிட்டார்கள். ஆலயத்தைக் கட்டிய ஆளுநர் லிபேரியஸும் வேறு சில பிரமுகர்களும் உடன் கையொப்பமிட்டார்கள். விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமல்ல, அதன் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற ஆசையும்கூடக் கிருபையின் ஈவு என்பது தீர்மானங்களின் சாரம். அதோடு நிற்காமல், சிலரைத் தேவன் தீமைக்கென்றே முன்குறித்தார் என்று போதிப்பவரையும் சங்கம் சபித்தது. மேற்குத் திருச்சபையின் அளவுகோல்களில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். விசுவாசம் வரவில்லையே என்று ஏங்குகிறவரிடம், அந்த ஏக்கமே தேவன் தந்தது என்று சொல்ல இது இடம் கொடுக்கிறது. இடைக்காலத்தில் பல நூற்றாண்டுகள் இந்தத் தீர்மானங்கள் கண்ணில் படாமல் கிடந்தது பெரும் இழப்பு.

1524-இல் அறிஞர் எராஸ்மஸ் சித்த சுதந்திரத்தை ஆதரித்து எழுதினார். மறு ஆண்டே மார்ட்டின் லூத்தர் மறுப்பு எழுதினார். அன்றாடக் காரியங்களில் மனிதன் விரும்பியதைத் தெரிந்துகொள்ளலாம், இரட்சிப்பின் காரியத்தில் அவன் சித்தம் அடிமை என்பது லூத்தரின் நிலை. திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13-இல் பதில் சொன்னது. கிருபையே முந்துகிறது என்று அதுவும் ஒப்புக்கொண்டது; ஆனால் கிருபை தொட்ட சித்தம் இசையவும் கூடும், மறுக்கவும் கூடும் என்றது. கூடவே 33 கண்டனங்களையும் விதித்தது. 1999 அக்டோபர் 31-இல் அவுக்ஸ்புர்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, அன்றைய கண்டனங்கள் அதில் விளக்கப்பட்ட லூத்தரன் போதனையைச் சாரா என்று அறிவித்தது. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள்.

கால்வின் வழிவந்தவர்களுக்கு அளவுகோல் வகுத்தது நெதர்லாந்தின் டார்ட் சங்கம் (1618–19). இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610-இல், தேவன் தெரிந்துகொள்வது மனிதனின் விசுவாசத்தை முன்னறிந்தே என்று மனுக் கொடுத்திருந்தார்கள். சங்கம் அதை நிராகரித்தது. அவர்களின் போதகர்கள் பலர் பதவி இழந்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். அந்தக் கொடுமையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் டார்ட் என்றாலே இரக்கமற்ற முன்குறித்தல் என்று பேசுகிறவர்கள் அதன் பிரமாணத்தை முழுவதும் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். முதல் பகுதியின் 17-ஆம் விதி குழந்தையைப் பறிகொடுத்த விசுவாசிகளான பெற்றோருக்கானது: பிள்ளையின் இரட்சிப்பைக் குறித்துச் சந்தேகப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்கிறது. கிருபை மனிதரைக் கல்லாகவும் கட்டையாகவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிக்காமல் உயிர்ப்பிக்கிறது என்றும் வேறொரு விதி சொல்கிறது.

அர்மீனியஸின் கட்சியை ஆங்கில நாட்டில் எழுப்புதலாக்கியவர் ஜான் வெஸ்லி. எல்லாருக்கும் முந்தி வரும் கிருபை ஒன்று உண்டு, அதனால்தான் எவரும் தேவ அழைப்புக்குச் செவிகொடுக்க முடிகிறது என்பது அவர் போதனை. 1739-இல் முன்குறித்தலை எதிர்த்து அவர் செய்த பிரசங்கம் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டோடு பிளவை உண்டாக்கியது. பின்னர் ஒப்புரவானார்கள். 1770-இல் விட்ஃபீல்ட் மறைந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அது விட்ஃபீல்டே விரும்பியிருந்த ஏற்பாடு.

கால்வின், வெஸ்லி வழிவந்த மரபுகளும் நம் மண்ணில் ஒரே சபையாயின. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் இணைந்தார்கள். வேதாகமத்தையும் அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாகக் கொண்டார்கள். முன்குறித்தல் வழக்குக்குத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.