நன்றியும் அச்சமும்: நாத்திகர் சிலர் ஏன் கிறிஸ்தவர் ஆகின்றனர்?

நாத்திகர் ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று கேள்விப்பட்டால் நம்மவர் மத்தியில் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: "என்னத்துக்காம்?" இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்த பின்னர் ஆங்கிலப் படிப்பும் உத்தியோகமும் மிஷன் பாதையோடு சேர்ந்தே வந்தன. அதை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலர் காலத்துக் கண்டனங்கள், மதமாற்றத்தை ஆதாயக் கணக்காகப் பார்க்க நம்மைப் பழக்கின. நாவலரை நிராகரித்த நமது இடதுசாரிகளும் இந்தப் பார்வையை மட்டும் கைவிடவில்லை. இன்று ஐரோப்பிய நகரொன்றில் முன்னாள் தோழர் ஒருவர் ஞாயிறு காலையில் சபைக்குப் போகத் தொடங்கினால், "விசா", "தனிமை", "மனநோய்" என்ற மூன்று சொற்களில் ஒன்றோடு அவரது கதையை முடித்துவிடுகிறோம்.

இந்த விளக்கம் போதாது என்பதே என் வாதம். மதம் மாறியவர்கள் தாமே எழுதிவைத்த சாட்சியங்களை வாசித்துப் பார்த்தால் இது தெரியும். ஊரில் தர்க்கவியல் படிப்பித்து, இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் எனக்குக் கடவுள் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனவே இது எவருக்குமான பிரசாரம் அல்ல.

முதலில் ஒரு பிழையான கணக்கைக் கழித்துவிட வேண்டும். பிரித்தானிய மெய்யியலாளர் அன்ரனி ஃபுளூவின் பெயரைச் சபைக்காரர் அடிக்கடி சொல்வார்கள். அரை நூற்றாண்டுக் காலம் நாத்திகம் பேசிய அவர் 2004இல் மனம் மாறினார் என்பது உண்மை. ஆனால் அவர் கிறிஸ்தவராகவில்லை. உலகத்தின் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது என்று மட்டுமே ஏற்றார்; மறுமையை ஏற்கவில்லை. வாதத்தின் வழியே மட்டும் நடந்த மனிதர் அந்த இடத்தோடு நின்றுவிட்டார். அங்கிருந்து சிலுவையில் அறையப்பட்ட ஒரு தச்சனிடம் போய்ச் சேர்வதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

கிறிஸ்தவத்துக்காக மிக அதிகம் வாதாடிய சீ. எஸ். லூயிஸின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1908இல், ஒன்பது வயதில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பதின்ம வயதில் நம்பிக்கையை விட்டார். 1918இல் போர்முனையில் காயப்பட்டார். பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் ஆசிரியரானார். 1931 செப்டெம்பரில் நண்பர்களான டோல்கினுடனும் டைசனுடனும் ஓர் இரவு நெடுநேரம் தொன்மங்கள் பற்றிப் பேசினார். சில நாட்களின் பின் தமையனாரின் மோட்டார் சைக்கிளில் பக்கப்பெட்டியில் அமர்ந்து விப்ஸ்னேட் மிருகக்காட்சிச்சாலைக்குப் புறப்பட்டபோது அவருக்கு இயேசுவில் நம்பிக்கை இல்லை. போய்ச் சேர்ந்தபோது இருந்தது. வழியில் பெரிதாக யோசிக்கவும் இல்லை என்று அவரே தன்வரலாற்றில் (1955) எழுதுகிறார். வாதங்களெல்லாம் பின்னர் வந்தவை. முன்னால் இருந்தது சிறுவயது முதல் விடாது தொடர்ந்த ஓர் ஏக்கம்.

அந்த ஏக்கத்தையே அவர் ஒரு சான்றாகவும் ஆக்குகிறார். பசி இருப்பதால் எவருக்கும் சோறு கிடைத்துவிடாது; ஆனால் சோறு என்று ஒன்று உலகில் உண்டு என்பதைப் பசி காட்டுகிறது. இவ்வுலகில் எதுவும் தீர்க்காத ஏக்கமும் அவ்வாறே என்கிறார். இங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன். பசிக்குத் தான் கேட்பது எதுவென்று தெரியும். இந்த ஏக்கத்துக்குத் தெரியாது. அதற்கு நாமே பெயர் வைக்கிறோம். எங்கள் தலைமுறை அதே ஏக்கத்துக்குப் "புரட்சி" என்று பெயர் வைத்தது, "மண்" என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர்களுக்காக ஆட்கள் செத்தார்கள், கொல்லவும் பட்டார்கள். ஏக்கம் உண்மையாக இருந்தது என்பது, வைத்த பெயரை உண்மையாக்கிவிடவில்லை.

ஏக்கம் எதையும் நிரூபிக்காது என்றால் இந்தச் சாட்சியங்களை எதைக் கொண்டு எடைபோடுவது? 1927 மார்ச் 6இல் இலண்டனில் பேர்ட்ரண்ட் ரஸல் 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்ற தனது புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். மதத்தின் அத்திவாரம் அச்சம் என்பது அவரது முடிவு. இந்த முடிவுக்கு எதிராக ஒன்றும் ஆதரவாக ஒன்றுமாக இரண்டு சாட்சியங்கள் உள்ளன.

அதே 1927 டிசெம்பரில் நியூயோர்க்கில் டொரொதி டே கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். இடதுசாரிப் பத்திரிகையாளர்; 1917இல் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர்; மதம் மக்களின் அபின் என்று நம்பிய வட்டத்தில் வாழ்ந்தவர். 1926இல் மகள் பிறந்தாள். தன்னைச் செபிக்க வைத்தது துன்பம் அல்ல, மகிழ்ச்சியே என்று தன்வரலாற்றில் (1952) சொல்கிறார். நன்றி பொங்கியது, அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ரஸலின் சூத்திரத்துக்குள் இது அடங்காது. இதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. மதத்தையும் திருமணத்தையும் ஏற்க மறுத்த துணைவரைப் பிரிந்தார். "ஆதாயம்" தேடியவர் செய்யும் காரியம் அல்ல இது. 1933 மே தினத்தன்று 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகையை ஒரு சதத்துக்கு விற்கத் தொடங்கினார். 1949இல் நியூயோர்க் மறைமாவட்டத்தின் சவக்காலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தனது சொந்தக் கர்தினாலுக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். மதம் மாறிய பின்னும் அவர் வர்க்கம் மாறவில்லை.

மற்றையது நமக்குக் கிட்டிய கதை. சோமாலியாவில் பிறந்து, 1992இல் நெதர்லாந்தில் அகதியாகி, பின் அங்கேயே பாராளுமன்ற உறுப்பினரான அயான் ஹிர்சி அலி இஸ்லாத்தைத் துறந்து நாத்திகரானவர். அதற்கு ரஸலின் அந்த உரையே தனக்குத் துணையாயிற்று என்கிறார். 2023 நவம்பரில், தான் இப்போது ஏன் கிறிஸ்தவர் என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். சீனா, ரஷ்யா, இஸ்லாமியவாதம், 'வோக்' சித்தாந்தம் ஆகியவற்றிடமிருந்து மேற்குலகைக் காக்க யூத-கிறிஸ்தவ மரபு தேவை என்பது அதன் பிரதான வாதம். இயேசுவின் உயிர்ப்பை நம்புகிறாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. இதை வாசிக்கும்போது ரஸல் வென்றுவிட்டார் என்றே தோன்றும்.

ஆனால் 2004இல் அவரோடு திரைப்படம் எடுத்த தியோ வன் கோ அம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்டு, அந்த உடலில் இவருக்கான கொலை மிரட்டல் குத்தப்பட்டிருந்தது. அவரது அச்சத்தை எள்ளிநகையாட எவருக்கும் உரிமை இல்லை. 2024இல் நியூயோர்க்கில் ரிச்சர்ட் டோக்கின்ஸோடு உரையாடியபோது, தன்னை ஆட்கொண்டிருந்த மனச்சோர்வு பற்றியும் செபம் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசினார். கட்டுரையை விட அந்தப் பேச்சு நேர்மையானது. நாகரிகத்தின் மதிலாகப் பயன்படும் கிறிஸ்தவத்தை நான் நிராகரிக்கிறேன். அந்த மதிலுக்கு வெளியே நிறுத்தப்படுபவர்களில் அகதிகளாகிய நாமும் இருக்கிறோம். ஆனால் வாழ வழியற்று மண்டியிட்ட ஒரு பெண்ணை என்னால் அவ்வளவு இலகுவாக நிராகரிக்க முடியவில்லை.

ஆகவே "என்னத்துக்காம்?" என்பதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைக் கேட்கலாம்: இந்த நம்பிக்கை நம்பியவரிடமிருந்து எதைக் கேட்கிறது, யாருக்கு எதிராக அவரை நிறுத்துகிறது? இது கடவுளின் இருப்புப் பற்றிய கேள்வி அல்ல. மனிதர்களை எடைபோட உதவும் கேள்வி.

இதே கேள்வி நமது நாத்திகத்தையும் நோக்கித் திரும்ப வேண்டும். ஒரு காலம் யாழ்ப்பாணத்தில் படிப்பித்த ஆபிரகாம் கோவூரின் புத்தகங்களை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். பேயும் சாமியாரும் பொய் என்று அவற்றில் கற்றோம். அது பெரிய விடுதலை. ஆனால் நன்றியை யாரிடம் சொல்வது, குற்றவுணர்வை எங்கே இறக்கிவைப்பது, பிணத்தோடு என்ன செய்வது என்பவற்றுக்கு நாம் ஒரு வழக்கத்தையும் உருவாக்கவில்லை. இங்கே பகுத்தறிவாளர் ஒருவர் இறந்தால், கடைசியில் உறவினர் கூட்டிவரும் ஐயரே காரியம் செய்கிறார். ஊரில் எவருமற்ற ஒருவர் இறந்தால், பெரும்பாலும் சபைக்காரரே செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நாம் அடுத்த இதழில் அஞ்சலிக் கட்டுரை எழுதுகிறோம்.

சபைக்குப் போன தோழர்களோடு கடவுள் பற்றி விவாதிப்போம், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு முன், அவர்கள் போன அன்று நாம் எங்கே இருந்தோம் என்பதையும் விவாதத்துக்கு எடுப்போம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.