காலிக் கல்லும் கொழும்புப் பலகைகளும்

இலங்கையின் காலி நகரில், மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த கற்பலகை ஒன்றை 1911ஆம் ஆண்டில் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தபோது அதன் முகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் இருந்தன. இன்று கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கும் அக்கல்லை வரலாற்றறிஞர்கள் கடற்பயணச் சான்றாகப் பன்முறை ஆராய்ந்துள்ளனர். நாம் அதனைப் பொது இடத்தில் நிறுத்திய ஓர் அறிவிப்புப் பலகையாகவே படித்துப் பார்க்க விழைகிறோம். யாரை எண்ணி எழுதினார்கள், யாரை மறந்தார்கள் என்று பலகையிடம் கேட்பதைக் கல்லிடமும் கேட்கலாம் அன்றோ?

கல்லை அனுப்பியவர் மிங் பேரரசர் யுங்லோ. கொண்டுவந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹோ. இவர் யுன்னான் பகுதியின் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என வழங்கப் பெற்றவர்கள். கல்லில் பொறித்த நாள் 1409 பிப்ரவரிக்குரியது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை, அதாவது திருமாலைப் போற்றுகிறது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெருமையைப் பேசுகிறது. காணிக்கையோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய், தூபக் கலங்கள். மூவருக்கும் ஒரே தட்டு வைத்த விருந்து எனலாம்.

இதனை வெறும் சமயப் பொறை என்று மட்டும் வியந்துவிட முடியாது. அப்பயணத்திலேயே இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனத்திற்குக் கொண்டு சென்றவரும் இதே செங் ஹோதான். ஆயினும் கரையில் இறங்குமுன் அங்கு வாழ்வோர் யார், எம்மொழியினர், எதனை வணங்குவோர் என்று விசாரித்தறிந்து, நான்ஜிங்கிலேயே கல்லைச் செதுக்கிக் கொணர்ந்த கவனத்தை மறுப்பதற்கில்லை.

அக்கவனத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அது நம்மைப் பற்றியது. தமிழ் என்றால் திருமாலடியார், முஸ்லிம் என்றால் பாரசீகம் என்று கல் பங்கு பிரித்துவிட்டது. தமிழ் பேசி வாணிபம் செய்த முஸ்லிம் ஒருவர் அதன்முன் நின்றிருந்தால், தம் மொழியில் பிறர் சமயத்தையும், தமக்குப் பழக்கமில்லா மொழியில் தம் சமயத்தையுமே கண்டிருப்பார். அவருக்கென்று அதில் ஒரு வரி இல்லை. இலங்கை முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழே என்பதை எண்ணும்போது, அந்த விடுபாடு பழங்கதை என்று தள்ளத்தக்கதன்று.

இனிக் கொழும்புக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், சட்டமா அதிபர் திணைக்களத்தின் மின்னூலகத்தில் திறந்துவைக்கப்பட்ட பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தபின் பலகை அகற்றப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்குமுன் சீனத்திலிருந்து வந்தவர் தமிழை மறக்கவில்லை. சீன நட்பைப் போற்றிய உள்நாட்டவர் மறந்தனர்! அதுவும் சட்டத்தைக் காக்கும் இடத்தில். 1956இல் சிங்களம் மட்டுமே அரசமொழியானது. 1957இல் வாகனத் தகடுகளில் ஏறிய ஒற்றைச் சிங்கள எழுத்தான 'ஸ்ரீ'க்காக ஊரெங்கும் தார்ச்சட்டிகள் தூக்கப்பட்டன. 1958இல் குருதி சிந்தியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசமொழி என்று எழுதிற்று. இவ்வளவும் கடந்து வந்த நாட்டில் ஒரு வரித் தமிழ் விடுபட்டதைக் கைப்பிழை என்று எப்படிக் கொள்வது?

எழுதப்படும் இடங்களிலும் தமிழ் படும் பாடு சிறிதன்று. பேருந்து இருக்கையின்மேல் 'கர்ப்பிணித் தாய்மார்களுக்கு' என்றிருக்க வேண்டியது 'நாய்மார்களுக்கு' என்று எழுதப்பட்ட செய்தி பலரும் அறிந்ததே. த, ந என்னும் ஈரெழுத்துக்கு இடையே உள்ள வேறுபாடு, மொழியறியாமல் உருவத்தை மட்டும் பார்த்து வரைபவன் கண்ணில் படுவதில்லை. அவனை நாம் நோவதற்கில்லை. எழுதி முடித்ததைத் தமிழறிந்த ஒருவரிடம் காட்ட வேண்டுமென்று அதிகாரி எவருக்கும் தோன்றாததே குற்றம்.

பிறரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடுதல் நேர்மையாகாது. காத்தான்குடி போன்ற நம்மவர் ஊர்களில் அரபு எழுத்துப் பெயர்ப்பலகைகள் எழுந்தன. 2019 ஏப்ரல் தாக்குதல்களின்பின் அவை ஐயக்கண்ணோடு நோக்கப்பட்டு, பல அகற்றவும் பட்டன. ஓர் எழுத்தையே பகையாகக் கண்ட அச்செயல் நியாயமன்று. எனினும் அப்பலகைகள் யாருக்குச் செய்தி சொல்லின? திருக்குர்ஆனின் எழுத்து என்று மதித்தோமே தவிர, வழி கேட்டு வந்தவர் அதனைப் படித்து வழியறியவில்லை. அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, பெண்டிரும் படித்துப் பயன்கொள்ள வைத்த அரபுத்தமிழ் மரபு நம்முடையது. அங்கே எழுத்து அரபு, மொழி படிப்பவருடையது.

நம் பள்ளிவாசல் வாயில்களையே சற்று நோக்குவோம். முகப்பில் அரபு பெரிதாக விளங்கும். அதன்கீழ்த் தமிழ் ஒடுங்கி நிற்கும். பாதணிகளைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்னும் அறிவிப்பு மட்டும் நல்ல பெரிய தமிழில் இருக்கும்.