அரசின் செயற்கை அறிவுக் கொள்கை: ஒரு மதிப்பீடு

தமிழக அரசு 2020-இல் வெளியிட்ட செயற்கை அறிவுக் கொள்கை ஏடு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதே. கணிப்பொறி முடிவெடுக்கும் அமைப்பு எதுவாயினும், மக்களிடம் வருமுன் நடுநிலை, அந்தரங்கம், தணிக்கை முதலியவற்றில் மதிப்பெண் பெறவேண்டும் என்கிறது. ஒரு மாநிலம் இத்துணை முன்னதாகச் சிந்தித்தது பாராட்டுக்குரியது.

ஆனால் கொள்கை சட்டமன்று. இழப்புற்றவர் அதனைக் காட்டி உரிமை கோருதல் அரிது. தெலுங்கானாவில், கணிப்பொறி அளவுகோலைக் கொண்டு ரத்துச் செய்யப்பட்ட லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை நேரில் சென்று மறுபடி சரிபார்க்குமாறு 2022-இல் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியதாயிற்று.

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். முகம்மது என்னும் பெயர் பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். முன்னெழுத்தோ ஒன்றில் முன்னே, மற்றொன்றில் பின்னே! எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்துக்கு ஒருவரே இருவராகிவிடலாம். பெயரொத்த இருவர் ஒருவராகவும் ஆகலாம். தெருவில் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் தெளியும் செய்தி இது.

ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மறுத்து, மனிதர் ஒருவர் பரிசீலிக்குமாறு கோரும் உரிமையைத் தந்துள்ளது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. தமிழகக் கொள்கையைத் திருத்தி எழுதுவோர், மதிப்பெண் பட்டியலுக்கு முன்னதாக அந்த ஒரு விதியைச் சேர்க்கட்டும்.