பாடியவருக்கு என்ன கிடைத்தது?

1975 ஜூன் 25 அன்று டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஆடிட்டோரியத்தில் ஒரு நிதிதிரட்டுக் கச்சேரி நடந்தது. தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய வெள்ளைச் சிறைக்காவலரைக் கொன்றதாக வடகரோலினாவில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்குச் செலவுக்கான கச்சேரி அது. அன்று மேடையேறியவர்களில் ஒருவர் ஃப்ளோரன்ஸ் பேலார்ட். 'சுப்ரீம்ஸ்' என்ற பாடகிகள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1967-இல் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். குழுவின் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனிமீது போட்ட வழக்கும் தள்ளுபடியானது. வீடு கடனில் போனது. ஃபோர்டு ஆடிட்டோரியத்தில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, இன்னொரு பாட்டு கேட்டது. அந்தக் காலத்தில் அரசு உதவித்தொகையை நம்பி மூன்று பெண்பிள்ளைகளை வளர்க்கும் நிலைக்கு அவர் வந்திருந்தார். எட்டு மாதம் கழித்து, 32 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

அந்தக் கச்சேரி நல்ல காரியத்துக்காக நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜோன் லிட்டில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனவே கச்சேரியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. உதவி பெற வேண்டிய இடத்தில் இருந்த ஒருவர் உதவி செய்யும் இடத்தில் நின்று பாடினாரே, அதை எவரும் விசித்திரமாக எண்ணவில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் இந்த வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. அமெரிக்க நகரங்களில் 'நம்மூர் ஜாஸ், சோல் பாடகிகளைக் கொண்டாடுவோம்' என்று கச்சேரிகள் நடக்கின்றன. வசூல் பெண்கள் காப்பகத்துக்கோ, புற்றுநோய் நிதிக்கோ, இசைப்பள்ளிக்கோ போகிறது. சுவரொட்டியில் ஏழெட்டுப் பாடகிகளின் படங்கள், கீழே நன்கொடையாளர்களின் சின்னங்கள். கொண்டாடப்படுபவர்கள் பாடகிகள். ஆனால் அன்றிரவு அதிகமாகக் கொடுத்தவர்களும் அவர்களாகவே இருக்கக்கூடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், அது கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலான இசைக்கலைஞர்களுக்கு நிரந்தர முதலாளி கிடையாது. முதலாளி வழியாக வரும் மருத்துவக் காப்பீடும் ஆகவே கிடையாது. மோட்டவுனின் முதல் பெரும் நட்சத்திரம் மேரி வெல்ஸ். 'மை கை' பாட்டை 1964-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். 1990-இல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காப்பீடு இல்லை. சக பாடகர்கள் பணம் கொடுத்தார்கள், 'ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை' கைகொடுத்தது. 1992-இல் 49 வயதில் அவர் மறையும்வரை அந்தப் பணம் சிகிச்சைக்கு உதவியது. இப்படிப்பட்ட நேரத்தில் சட்டம் மாறட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது. இரண்டு வாரத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, நான்கு நண்பர்களைப் பாடச் சொல்லி, வாசலில் டிக்கெட் விற்றால் மருத்துவமனைப் பில்லில் ஒரு பகுதியாவது அடையும். வேறெந்த ஏற்பாடும் இத்தனை விரைவாக வேலை செய்வதில்லை.

பணத்துக்கு அப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. உணவகத்தில் முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பாடியே பழகிய ஒருவருக்கு, வாய் மூடிக் கேட்கும் முந்நூறு பேர் ஓர் இரவாவது கிடைக்கிறார்கள். எழுபது வயதுப் பாடகி ஒருவர் ஒரு வரியை எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்செடுக்கிறார் என்று இருபது வயதுப் பெண் மேடையோரத்தில் நின்று பார்க்க முடிகிறது. ஜாஸும் சோலும் பெரும்பாலும் பார்த்துக் கற்கும் கலைகள். அந்த வகையில் இந்தக் கச்சேரிகள் ஊரின் பள்ளிக்கூடமாகவும் இருக்கின்றன.

ஆனால் முன்பு அந்தப் பள்ளிக்கூடம் வாரம் முழுக்கத் திறந்திருந்தது. டெட்ராய்டையே எடுத்துக்கொள்வோம். 1949-இல் திறந்த ஃபிளேம் ஷோ பாரில் மாரிஸ் கிங்கின் இசைக்குழு நிரந்தரமாக இருந்தது. பில்லி ஹாலிடே, டைனா வாஷிங்டன் எல்லாம் வந்து பாடிய இடம் அது. உள்ளூர்ப் பெண்ணான டெல்லா ரீஸ் ஒரு போட்டியில் வென்று ஒரு வாரம் பாடும் வாய்ப்போடு அங்கே போனார். அது வாரக்கணக்கில் நீண்டது. அங்கே தேர்ந்த வாத்தியக்காரர்களோடு தினமும் பாடினார், கூலியும் வாங்கினார். பாடகி உருவாவது அப்படித்தான். பிறகு ஹேஸ்டிங்ஸ் தெருவையும் அதையொட்டிய கறுப்பினக் குடியிருப்புகளையும் நகரச் சீரமைப்பு, நெடுஞ்சாலை என்ற பெயர்களில் இடித்துத் தள்ளினார்கள். ஃபிளேம் ஷோ பார் 1963-இல் மூடப்பட்டது. 1972-இல் மோட்டவுன் தன் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றிக்கொண்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இடங்கள் மிஞ்சின. 1934-இல் தொடங்கிய பேக்கர்ஸ் கீபோர்டு லவுஞ்ச் அவற்றில் ஒன்று. ஆண்டுக்கொரு கொண்டாட்டம் என்பது வாராந்தர வேலை போன பிறகு வந்த ஆறுதல். ஆறுதலை வேலை என்று ஏமாந்துவிடக் கூடாது.

இனி கணக்கு. கச்சேரி என்றால் மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஒலியமைப்பாளர், மின்பணியாளர், காவலாளி, அச்சகம், உணவு பரிமாறுபவர் எல்லோருக்கும் கூலி உண்டு. ஒலிபெருக்கிக்காரரிடம் 'இது நல்ல காரியம், இலவசமாகச் செய்யுங்கள்' என்று கேட்கக் கூச்சப்படும் அமைப்பாளர்கள் பாடகியிடம் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். 'உங்களுக்கு நல்ல விளம்பரமாக இருக்கும்' என்றொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். முப்பது ஆண்டுகளாக அதே ஊரில் பாடுபவருக்கு இனி யாரிடம் விளம்பரம் வேண்டியிருக்கிறது?

வருமான வரிச் சட்டமும் இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டிக்கொடுக்கிறது. அறநிறுவனத்துக்குக் காசோலை எழுதும் பணக்காரர் அதைக் கணக்கில் காட்டி வரி குறைத்துக்கொள்ளலாம். இலவசமாகப் பாடுபவர் தன் உழைப்பின் மதிப்பை அப்படிக் காட்ட அமெரிக்கச் சட்டத்தில் வழியில்லை. காரில் வந்துபோன செலவுக்கு மைலுக்கு 14 சென்ட் காட்டலாம், குரலுக்கு ஒன்றுமில்லை. நன்றியுரையில் மட்டும் இருவரையும் ஒரே மூச்சில் 'கொடையாளர்கள்' என்பார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தப் பாடகிகள் ஏன் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தார்கள் என்பதைக் கச்சேரி கேட்பதில்லை. அழகான அரங்கில் நெகிழ்ச்சியோடு உட்கார்ந்திருக்கும்போது வறுமை ஏதோ விதியின் விளையாட்டு போலத் தெரிகிறது. அது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் செய்த வேலை.

ரூத் பிரவுனின் கதையைப் பாருங்கள். 1950-களில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை நிமிர்த்தியவர் அவர். 'ரூத் கட்டிய வீடு' என்றே அந்தக் கம்பெனிக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. அடுத்த பத்தாண்டில் அவர் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஒலிப்பதிவுச் செலவையெல்லாம் அவர் பங்கிலிருந்து கழித்துக் கழித்து, கடைசியில் கம்பெனிக்கு அவர்தான் கடன்பட்டிருப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். அவருக்காக யாராவது ஒரு நிதிக் கச்சேரி நடத்தியிருந்தால் ஒரு மாத வாடகை கட்டியிருப்பார். நடந்தது வேறு. ஹாவெல் பெகிள் என்ற வழக்கறிஞர் கட்டணமில்லாமல் அவருடைய வழக்கை எடுத்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1988-இல், தன் 40-ஆம் ஆண்டுவிழாக் கச்சேரிக்குச் சற்று முன்பு, அட்லாண்டிக் இறங்கிவந்தது. ரூத் பிரவுன் உள்ளிட்ட பழைய கலைஞர்களின் 'கடன்களை' ரத்து செய்தது, பின்தேதியிட்டு உரிமைத்தொகை கொடுத்தது, ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை தொடங்கவும் பணம் தந்தது. மேரி வெல்ஸுக்குக் கைகொடுத்தது அந்த அறக்கட்டளைதான். ஒரு பாடகி போராடி வாங்கிய பாக்கியிலிருந்து இன்னொரு பாடகியின் சிகிச்சைக்கு வழி பிறந்தது. நிதிக் கச்சேரிகளின் வரலாற்றில் இதற்கு ஈடான வசூல் ஏதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வானொலி இன்னொரு ஓட்டை. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. 'மை கை' ஒலிக்கும்போது எழுதிய ஸ்மோக்கி ராபின்சனுக்குப் பணம். மேரி வெல்ஸ் குடும்பத்துக்கு இல்லை. 'ரெஸ்பெக்ட்' ஒலித்தால் ஓட்டிஸ் ரெடிங்கின் வாரிசுகளுக்கு. அரீத்தா ஃபிராங்க்ளின் வாரிசுகளுக்கு இல்லை. இதைத் திருத்த அமெரிக்கக் காங்கிரஸில் 2021-இலும் 2023-இலும் கொண்டுவந்த மசோதா இரண்டு முறையும் நிறைவேறாமல் காலாவதியானது. பாடகிகளைக் கொண்டாடும் கச்சேரிக்கு உள்ளூர் வானொலி நிலையம் ஆதரவாளராக வந்து, சுவரொட்டியில் தன் சின்னத்தையும் போட்டுக்கொள்வதில் உள்ள வேடிக்கையை யாராவது மேடையிலேயே சொன்னால் நன்றாயிருக்கும்.

இசை என்ற அளவிலும் இந்த வடிவம் எனக்குத் திருப்தி தருவதில்லை. ஆளுக்கு இரண்டு பாட்டு, எல்லோருக்கும் ஒரே இசைக்குழு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒன்று. சோல் பாட்டு மெல்ல மெல்லச் சூடேறும் பாட்டு. இரண்டு பாட்டுக்குள் அந்தச் சூடு பிடிப்பதற்குள் அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொள்கிறார். ஜாஸ் பாடகிக்கோ பியானோக்காரரோடு பேச்சுவார்த்தை வேண்டும். அச்சிட்ட புத்தகத்தில் பாட்டு ஒரு ஸ்ருதியில் இருக்கும், அவர் குரல் இன்னொன்றில் நிற்கும். ஒத்திகைக்கு நேரமில்லாதபோது இறங்கிப்போவது யாரென்று சொல்லத் தேவையில்லை. டெட்ராய்டில் வளர்ந்த பெட்டி கார்ட்டர் தன் மூவர் குழுவை இளைஞர்களைக் கொண்டு தானே பயிற்றுவித்து, நடுப்பாட்டில் தாளத்தை இழுத்தும் விட்டும் விளையாடுவார். அதே ஊரில் பிறந்த ஷீலா ஜோர்டன் ஒற்றை டபுள்பேஸ் துணையோடு குரலை மட்டும் நம்பிப் பாடியவர். பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே பாடி, 2012-இல் நாட்டின் 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம் பெற்றார். இந்த இருவரையும் பொது இசைக்குழுவின் முன்னால் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் அவர்களிடம் எது தனித்தன்மையோ அதுதான் முதலில் காணாமல் போயிருக்கும். 'பெண்கள்' என்பது ஒரு இசைவகை இல்லையே.

பணம் வாங்குவதும் கொடையும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணத்தை உடைத்தவர் அரீத்தா. பாடுவதற்கு முன் பணத்தை ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் வைத்து, அந்தப் பையை மேடைக்கே எடுத்துவந்து கண்ணெதிரே வைத்துக்கொள்வார். திமிர் என்றார்கள் சிலர். ரே சார்ல்ஸ், பி.பி. கிங் தலைமுறைக் கலைஞர்கள் எப்படி ஏமாற்றப்பட்டார்கள் என்று சிறுவயதிலிருந்தே பார்த்தவருக்கு அது வெறும் முன்ஜாக்கிரதை. அதே அரீத்தா 1960-களில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்கு நிதி திரட்டப் பாடினார். கொடை என்றால் அது. கையில் இருப்பதை, தானாக முடிவுசெய்து கொடுப்பது. மறுத்தால் நாளை இந்த ஊரில் யாரும் கூப்பிட மாட்டார்களோ என்ற பயத்தில் ஒப்புக்கொள்வதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

அப்படியானால் இந்தக் கச்சேரிகளை விட்டுவிடலாமா? கூடாது. நடத்தும் முறையை மாற்றினால் போதும், அதற்கு முன்மாதிரிகளும் இருக்கின்றன. பாடகி சாரா மக்லாக்லன் 1997 முதல் 1999 வரை நடத்திய 'லிலித் ஃபேர்' ஒரு வணிகச் சுற்றுப்பயணம். ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு டாலர் அந்தந்த ஊர்ப் பெண்கள் அமைப்புக்குப் போனது. அந்தச் சுற்றுப்பயணத்தின் வழியே சேர்ந்த மொத்தக் கொடை ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 1989-இல் தொடங்கிய 'ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா' ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் பெரிய நிதிக் கச்சேரிகள் நடத்தியிருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்த அமைப்பினர் பாதிக்கப்பட்ட கலைஞர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வாசிக்க அழைத்து அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஊரிழந்து நின்ற கலைஞருக்குப் பணம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வேலை.

டெட்ராய்ட் ஜாஸ் விழா இன்னொரு வழி. 1980-இல் தொடங்கிய அந்த விழா பணமின்றித் தள்ளாடிய கட்டத்தில், கிரெச்சன் வலாட் என்ற செல்வந்தப் பெண்மணி ஒரு கோடி டாலர் வைப்புநிதியாகக் கொடுத்து அதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். நிதி திரட்டும் வேலை இங்கே கச்சேரிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பாடகியின் தலையில் அது ஏறுவதில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையையொட்டிய வார இறுதியில், ஆற்றங்கரையை ஒட்டிய நகர மையத்தில் விழா நடக்கிறது. கேட்க வருபவர்களுக்கு நுழைவு இலவசம். மேடையேறுபவர்களுக்குச் சம்பளம் உண்டு.