பெருந்தோட்டப் பெண்ணும் பிரதேச சமமின்மையும்: ஓர் ஆய்வுநூலை முன்வைத்து

பிரதேச சமமின்மை பற்றி எழுதும் நம் ஆய்வாளர் பலர் மலையகத்தைப் ‘பின்தங்கிய பிரதேசம்’ எனக் குறிப்பிட்டு அமைவர். அப்பிரதேசம் தானாகவே பிந்திவிட்டது என்ற மயக்கத்தை இச்சொல் தருகின்றது. உண்மையில் அது பின்தங்க வைக்கப்பட்டது. அதன் சுமையைப் பெரிதும் தாங்கியவள் கொழுந்து பறிக்கும் பெண். குமாரி ஜயவர்த்தனாவும் றேச்சல் குரியனும் எழுதி 2015இல் வெளிவந்த, இலங்கைப் பெருந்தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் ஆகியன பற்றிய நூல் இதனை வரலாற்றடிப்படையில் நிறுவுகின்றது.

பெருந்தோட்ட முறையின் வேர்களை மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்கள்வரை சென்று நோக்குவது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. 1837இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர், ஜமேக்காவிற் பயின்ற கோப்பிச் செய்கை முறையையே இங்கு புகுத்தினார். ஆகவே கறுப்பினப் பெண்ணையும் மலையகப் பெண்ணையும் ஒருங்கே நோக்குவது வெறும் உவமையன்று. எனினும் உடைமையாக்கப்பட்ட அடிமையும், கங்காணியிடம் பட்ட கடனாற் கட்டுண்ட கூலியாளும் ஒன்றல்லர். அவ்வேறுபாட்டை மறத்தல் வரலாற்றையே மறத்தலாகும்.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இயங்கிய கொம்பாகி ஆற்றுக் கூட்டமைப்பின் கறுப்பினப் பெண்கள், இன, பால், வர்க்க ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பன என 1977இல் அறிக்கையிட்டனர். வர்க்கம் ஒன்றே போதுமெனக் கருதிய மார்க்சியராகிய நமக்கு இதிற் பாடமுண்டு. மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் சரியாகவே கண்டித்தோம். ஆனால் பெண்ணின் கூலியைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைக் குரியன் 1982இல் வெளியிட்ட ஆய்விற் சுட்டிக்காட்டியபோதும், அதனை நாம் இரண்டாந்தரப் பிரச்சினையாகவே கொண்டோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984இலேதான் வந்தது. சங்கங்களுக்குச் சந்தா செலுத்தியோருட் பெண்கள் நிறைந்திருக்க, தலைமையோ ஆண்களிடமே இருந்தது.

இலக்கிய ஆய்விலும் இக்குறை உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையகப் பாடல்களை ‘நாட்டார் வழக்காறு’ என வகைப்படுத்தி, அவற்றின் சோகச்சுவையைப் பாராட்டினோம். உழைப்பைப் பற்றி உழைத்தவளே தந்த சாட்சியமாக, அவளது ஆராய்ச்சியாக, அவற்றைக் கொண்டோமல்லம்.

இக்குறிப்புகள் ஜிந்துப்பிட்டியிலிருந்து எழுதப்படுகின்றன. வீட்டுவேலைக்கும் கடைவேலைக்குமென மலையகத்திலிருந்து வருவோரை இத்தெருக்களிற் காணலாம். ஆய்வு பிரதேச எல்லையோடு நின்றுவிடுமாயின், கொழும்பின் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்ட சமமின்மை நம் கண்ணிற் படாது. அப்பெண்ணிடம் தகவல் திரட்டுவது மட்டும் போதாது. எதனை ஆராய வேண்டுமென அவளும் உடனிருந்து தீர்மானிக்கும் ஆய்வே இனி வேண்டப்படுவது.