சாட்சி சொல்ல எழாதவர்கள்

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் “சாட்சி சொல்றவங்க வரலாம்” என்று போதகர் அழைப்பது குடவாசல் சுற்றுவட்டாரத்துச் சிறு ஜெபவீடுகளில் வழக்கம். மகனுக்கு வேலை கிடைத்தது, வயிற்றுக் கட்டி கரைந்தது, வட்டிக் கடன் அடைந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். கத்தோலிக்கரிடம் இதற்கு இணையானது வேளாங்கண்ணிக் காணிக்கை. அங்குள்ள காணிக்கை அருங்காட்சியகத்தில் வெள்ளியில் செய்த கண்ணும் காலும் தொட்டிலும் வீடும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கேட்கப்பட்ட ஒரு மன்றாட்டுக்கு ரசீது. கேட்கப்படாத மன்றாட்டுக்கு அங்கே அலமாரி இல்லை. ஜெபவீட்டில் மைக்கும் இல்லை.

சாட்சி சொல்வதைக் குறைவாக மதிப்பவன் அல்ல நான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு பெண்ணின் பேச்சை ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. பல சமயம் வீட்டிலும் கேட்பதில்லை. ஜெபவீட்டில் அவள் மைக்கைப் பிடித்துத் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறாள், ஆண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒருத்தியின் கஷ்டம் ஊரறிந்த கஷ்டமாகிறது. அடுத்த வாரம் யாரோ அரிசி கொண்டுவந்து வைக்கிறார்கள், யாரோ ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறார்கள். மேடைப் பிரசங்கத்தால் இந்தப் பலன் வந்து நான் பார்த்ததில்லை. சாட்சி சொல்லும் நேரத்தை எடுத்துவிட்டால் எளியவர்களின் சபை பாதி ஊமையாகிவிடும்.

ஆனால் அந்த நேரத்தில் எழாதவர்களையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவருக்கு டயாலிசிஸ் நடந்த காலம் முழுக்க வாராவாரம் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் எல்லாம் நடந்தது. கணவர் இறந்துபோனார். அதன்பின் அந்த அம்மா வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். ஒரு ஞாயிறு மைக் அவரிடம் வந்தது. “ஸ்தோத்திரம்” என்ற ஒரே சொல்லோடு பக்கத்தில் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் ஒருவர், அன்பாகத்தான், “விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கும்மா” என்றார்.

இதைச் சொல்பவர்களுக்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும் என்று மாற்கு 11ஆம் அதிகாரமும், விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை எழுப்பும் என்று யாக்கோபு 5ஆம் அதிகாரமும் சொல்கின்றன. அந்த வசனங்களை மழுப்பக்கூடாது. கேட்கத் துணிவு தருபவை அவை. தப்பு, கேட்பதற்காகத் தந்த வார்த்தையைக் கிடைக்காதவரைக் குற்றம்சாட்ட எடுப்பதில் இருக்கிறது. கெத்செமனேயில் இயேசு மும்முறை ஜெபித்தும் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மும்முறை வேண்டியும் முள் நீங்கவில்லை. இவர்களிடம் விசுவாசக் குறைவைத் தேடுவாரா யாராவது? அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தால், தொடக்கத்திலேயே இயேசுவின் சீடர் யாக்கோபு ஏரோதின் வாளுக்கு இரையாகிறார். சில வசனங்கள் தள்ளிப் பேதுருவின் சங்கிலி கழன்று விழுகிறது. அதே சபை, அதே அரசன். யாக்கோபு ஏன் தப்பவில்லை என்பதற்கு லூக்கா ஒரு விளக்கமும் எழுதவில்லை. நாம்தான் எழுதத் துடிக்கிறோம்.

நோயாளியின் மேல் ‘விசுவாசக் குறை’ என்ற பேச்சு ஏற்றும் பாரமும் சின்னதல்ல. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரைப் பார்த்தார்கள். முன்பின் அறியாதவர்கள் செய்த ஜெபத்தால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காக ஜெபம் நடப்பதை உறுதியாக அறிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. கடவுளை அளக்க இது கருவியாகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ‘குணமாகியே தீர வேண்டும்’ என்ற நெருக்கடி படுக்கையில் கிடப்பவரை என்ன செய்யும் என்று நம்மை யோசிக்க வைக்கவேண்டும்.

இன்னொரு விளக்கம் இதைவிட மென்மையானது. கடவுள் ‘ஆகட்டும்’ என்பார், ‘வேண்டாம்’ என்பார், ‘பொறு’ என்பார். மூன்றுமே பதில்தான் என்பது. வேலைக்கும் வரனுக்கும் காத்திருப்பவருக்கு இது உதவும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கதிர் வராமல் காய்ந்த சம்பாவின் முன் நின்றவரிடம் ‘பொறு’ என்றால் என்ன பொருள்? அடுத்த வருஷ மழை அந்தப் பயிரை எழுப்பாது.

இந்த விளக்கங்கள் எல்லாம் தோற்ற இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மாதா கரைசேர்த்தார் என்பது வேளாங்கண்ணித் தலத்தின் ஆதிக்கதைகளில் ஒன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கடல் சுனாமியாக எழுந்து அதே கரையில் நின்ற திருப்பயணிகளை வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் நன்றியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மணலில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? கட்டடத்தைக் காத்தவர் என் பிள்ளையை ஏன் விட்டார் என்றுதானே அவள் கேட்பாள்? காக்கப்பட்டதை மட்டும் எண்ணிச் சொல்லும் சாட்சி, போனவர்களின் வீட்டாருக்கு இன்னொரு அடி.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்று காட்டியது திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர். அங்கே மிஷனரி ஏமி கார்மைக்கேலுக்கு வலக்கையாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், நோய் முற்றியது, 1915இல் அவர் இறந்தார். அவருடைய கதையைக் கார்மைக்கேல் தனி நூலாகவே எழுதினார். 1931இல் கார்மைக்கேலே விழுந்து அடிபட்டார். அவருக்காக எத்தனையோ பேர் ஜெபித்தும், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையே கதி. அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்காக, நோயாளியாகவே எழுதினார். குணமானபின் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு அத்தனை வலு வந்திருக்காது. துன்பம் நல்லதுக்குத்தான் என்று இதைக் காட்டி யாரிடமும் போய்ச் சொல்லிவிடக் கூடாது. தன் படுக்கையைப் பற்றி அவர் சொல்லலாம், அடுத்தவர் படுக்கையைப் பற்றி நாம் சொல்லக்கூடாது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வருஷம் முழுக்கப் பெற்ற நன்மைகளைச் சாட்சியாகச் சொல்கிறோம். நள்ளிரவுக்குப் பின் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம். அந்த அட்டைகளை விநியோகிக்கும் முன் பத்து நிமிஷம், கேட்டும் கிடைக்காதவர்கள் எழுந்து சொல்லட்டும். யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, முடிவில் ‘ஆனாலும் கர்த்தர் நல்லவர்’ என்று சேர்த்துச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. புதிதாக வந்தவர்களின் விசுவாசம் ஆட்டம்காணும் என்று போதகர்கள் அஞ்சலாம். ஆனால் வேதத்திலேயே 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. முடிவில் ஓர் ஆறுதல் வரியும் அதில் கிடையாது. சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. எல்லாரும் கூடிப் பாடுவதற்கென்று பாடகர் தலைவன் கையில் கொடுத்தார்கள்.