பெஞ்ஞு நாயிக்!

முதல் ராத்திரி. கொசுவலைக்குள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். இருட்டில் யாரோ ஓடிவந்து "நாயிக்! நாயிக்!" என்று கிசுகிசுத்தார்கள். தூக்கத்தில் என் மூளை தமிழில்தான் இருந்தது. இந்தத் தீவில் ஏது நாய் என்று காலை மடக்கிச் சுருண்டுகொண்டேன். பக்கத்தில் படுத்திருந்த தோழி கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்த பிறகுதான் உறைத்தது. பெஞ்ஞு நாயிக். மலாய். ஆமை கரையேறிவிட்டது!

அன்றைக்கு எழுந்தவள்தான். அடுத்த பன்னிரண்டு வாரம் ஒருநாளும் ஒழுங்காகத் தூங்கவில்லை. என் இருபத்திரண்டு வயதுக்குள் அத்தனை சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

ரெடாங் தீவு கோலத் திரங்கானுவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, தென்சீனக் கடலில் இருக்கிறது. மலேசியாவில் ரெடாங் என்றாலே பாசிர் பஞ்சாங் கடற்கரை, தேனிலவு, 2000இல் சம்மி செங்கும் ரிச்சி ஜென்னும் நடித்த அந்தச் சீனப் படம், இவைதான் ஞாபகம் வரும். நான் போனது தீவின் வடபுறம், சாகார் ஹுத்தாங். 350 மீட்டர் நீளம், அவ்வளவுதான் மொத்தக் கடற்கரையும். ரிசார்ட் இல்லை, கடை இல்லை, படகில்தான் போகவேண்டும். மலேசிய திரங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுப் பிரிவு, எல்லாரும் 'சீட்ரு' என்று சொல்வது, 1993இலிருந்து இங்கே காவல் இருக்கிறது. 2005இல் மாநில அரசு இதை ஆமைச் சரணாலயமாக அறிவித்தது. தன்னார்வலர்கள் வாரத்துக்கு ஒரு கூட்டமாக வந்து போவார்கள். தொழிற்பயிற்சி மாணவர்களான நாங்கள் மட்டும் கூடாரத்து நடுக்கம்பம் மாதிரி அங்கேயே நிற்போம்.

கிளம்புவதற்கு முதல்நாள் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் ஒரே ரகளை. அம்மாவுக்குக் கடல் பயம். அப்பாவுக்கோ வேறு ஒரு சங்கடம். 90களில் அவர் கிழக்குக்கரைப் பக்கம் லாரி ஓட்டியவர். "பாசார் பாயாங் சந்தையில ஆமை முட்டையத் தட்டுல குவிச்சு வெச்சு விப்பாங்கம்மா. நானும் ஒரு டஜன் தின்னிருக்கேன். என்ன வேகவெச்சாலும் வெள்ளைக்கரு மட்டும் கெட்டியாகாது, கொழகொழன்னே இருக்கும். ஓட்டைக் கிள்ளி உறிஞ்சணும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வியாபாரத்தைத் திரங்கானு முழுசாகத் தடைசெய்தது 2022 ஜூன் 1ஆம் தேதி. நான் தீவில் இறங்கியது அதே ஜூன் முதல் வாரம்!

சரி, அந்த முதல் ராத்திரிக்கு வருகிறேன்.

மணலில் டிராக்டர் போன மாதிரி ஒரு தடம். இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தால் பேராமை, இடம் வலம் மாறிமாறி விழுந்திருந்தால் அழுங்காமை என்று பாக்சிக் காதோரம் சொன்னார். பாக்சிக் என்றால் மலாயில் மாமா, பெரியவர் என்ற மாதிரி. எங்கள் ரேஞ்சரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை அவர் 'அடிக்' என்பார், தங்கச்சி என்று. இது பேராமை. டார்ச் அடிக்கக் கூடாது, முன்னால் போகக் கூடாது, பேசக் கூடாது. மூன்று பேரும் வயிற்றால் ஊர்ந்து அவளுடைய பின்பக்கம் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பின்துடுப்பை எப்படிச் சொல்ல? பார்த்தால் தட்டையான ஒரு தோல்துண்டு. அதை அகப்பை மாதிரி சுருட்டிக் குழிக்குள் விட்டு, ஒரு பிடி ஈரமணலை அள்ளி, சிந்தாமல் மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கிறாள். உடனே மற்றத் துடுப்பு விளிம்பில் கிடக்கும் மணலைச் சட்டென்று முன்பக்கம் தட்டிவிடுகிறது. பிறகு அது குழிக்குள் இறங்குகிறது. இடது, வலது, இடது, வலது. தன் வேலையைத் திரும்பிப் பார்க்கவே முடியாதவள், கண்ணில்லாமல் ஒரு குடம் வனைகிறாள்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் தோழி வாய்விட்டே அழுதாள். பாக்சிக் மட்டும் கொட்டாவி விட்டார்.

முட்டையிட ஆரம்பித்துவிட்டால் அவளுக்கு உலகமே தெரியாது. அளப்பதும், முன்துடுப்பில் உலோக அட்டை கிள்ளுவதும் அப்போதுதான். பிங்பாங் பந்து மாதிரி, இரண்டும் மூன்றுமாக, பசையோடு விழுகின்றன. எண்ணும் கருவியை என் கையில் கொடுத்து "நீ எண்ணு" என்றார்கள். 112. அவள் துடுப்பில் ஏற்கெனவே அட்டை இருந்தது. கடைசி மூன்று எண் 618. அன்றிலிருந்து அவள் என் 618. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவாள் என்று வகுப்பில் படித்திருந்தேன். அப்படியே வந்தாள். பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு மாணவிக்கு எத்தனை ஆனந்தம் என்று என்னைத்தான் கேட்கவேண்டும்.

இங்கே முட்டைகளைத் தோண்டி வேலிக்குள் கொண்டுபோய்ப் புதைக்கும் பழக்கம் இல்லை. அலை எட்டும் இடமாக இருந்தால்தான் மாற்றுவோம். மற்றபடி அவள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, நண்டும் உடும்பும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வோம். இதற்கு ஒரு காரணம் உண்டு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப்போகப் பெண், கீழே இறங்க இறங்க ஆண். ஆக மரநிழலில் ஒரு குழி, வெட்டவெளியில் ஒரு குழி என்று 618 தானாகத் தேர்ந்தெடுப்பதில் நாம் தலையிடாமல் இருப்பதே நல்லது. தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பெருநிலக் கரையில் ரந்தாவ் அபாங் என்று ஓர் ஊர். 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 ஏழுவரி ஆமைக் குழிகள் இருந்த கடற்கரை. பல பத்தாண்டுகள் முட்டைகளை அள்ளினார்கள், கடலில் வலையில் சிக்கியும் ஆமைகள் செத்தன. மிச்சமிருந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறோம் என்று வெயில் காயும் மணலில் பொரிக்கவைத்ததில் எல்லாம் பெண்ணாகப் பிறந்தன என்று பின்னால் ஆய்வில் தெரிந்தது. இன்றைக்கு அங்கே ஏழுவரி ஆமை ஏறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

புகார் எதுவும் இல்லையா என்பீர்கள். இருக்கிறதே! கண்ணுக்கே தெரியாத மணற்பூச்சி கடித்து இரண்டு காலும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு குரங்கு என் பல்துலக்கியைத் தூக்கிக்கொண்டு போய், கிளையில் உட்கார்ந்து நிதானமாக மென்றது. படகு வராத நாட்களில் மெகி மீ, மறுபடியும் மெகி மீ. போதும், இதற்கு மேல் சொன்னால் அம்மா படித்துவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது தெரியுமா? குஞ்சு விடுவது அல்ல. அதை எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது, குஞ்சுகள் போனபிறகு குழியைத் தோண்டிக் கணக்கு முடிப்பது. பொரியாத முட்டை வெயிலில் உடைந்தால் வரும் நாற்றம் இருக்கிறதே, கையுறை, முகமூடி, தைலம் எதற்கும் மசியாது. இரண்டு நாளைக்குச் சோற்றிலும் அது மணக்கும். காலி ஓடுகளைப் பத்துப் பத்தாக வரிசை வைக்கவேண்டும். பொரியாததை ஒவ்வொன்றாகக் கிழித்து, கருவே இல்லையா, கண்புள்ளி தெரிகிறதா, முழுக்குஞ்சா என்று எழுதவேண்டும். தன்னார்வலர்கள் காற்றடிக்கும் பக்கமாகப் போய் நின்றுகொள்வார்கள்.

ஆகஸ்டில் என் முதல் ராத்திரிக் குழிக்கு முறை வந்தது. காலி ஓடு 97. பொரியாதது 14. கூட்டினால் 111. நான் எண்ணியது 112. "தூக்கக் கலக்கத்தில் ஒன்று கூட அமுக்கியிருப்பாய்" என்றாள் தோழி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். அடியில் ஒரு மரவேர். வேருக்கும் மணலுக்கும் இடுக்கில் உருண்டையாக ஏதோ ஒன்று. எடுத்தால், ஓடு கிழிந்து மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்து வரிசையில் வைக்கப் போனேன். மூக்கு அசைந்தது!

நான் கத்திய கத்தலில் பாக்சிக் பாராங் கத்தியோடு ஓடிவந்தார், உடும்போ பாம்போ என்று. பார்த்துவிட்டுச் சிரித்தார். வயிற்றில் இன்னும் மஞ்சள்கரு ஒட்டியிருந்ததால் உடனே விடமுடியாது. வாளியில் ஈரமணல் போட்டு, மேலே துணி மூடி, என் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ராத்திரியில் மூன்று முறை எழுந்து பார்த்திருப்பேன். இரண்டாம் நாள் இரவு, அலை விளிம்புக்கு ஒரு பத்தடி முன்னால் இறக்கிவிட்டோம். தப்பான பக்கம் நாலடி போனது. நின்றது. திரும்பியது. அப்புறம் ஒரு வெள்ளை நுரை வந்து போனது, மணலில் ஒன்றும் இல்லை. என் குறிப்பேட்டில் 112 என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். தேர்வில் முதல் வகுப்பு வந்தபோதுகூட நான் அப்படிக் கோடு போட்டதில்லை.

பேராமை ஒவ்வோர் ஆண்டும் முட்டையிட வருவதில்லை. இடையில் இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகலாம். 2023 ஜூன் மாதம் அப்பாதான் முதலில் ஆரம்பித்தார். "ஒன்னோட அறநூத்திப் பதினெட்டு வந்துச்சா?" வரவில்லை. 2024லும் கேட்டார். வரவில்லை. 2025 ஜூனில் ஒருநாள் விடியற்காலை என் போனில் பாக்சிக்கின் செய்தி. ஒரே ஒரு சொல், 'நாயிக்'. கீழே துடுப்பு அட்டையின் படம், கொஞ்சம் பாசி படிந்து.

அப்பா முன்வாசலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எத்தனை முட்டை?"

"98ப்பா."

"அத்தனையும் மண்ணுக்குள்ளதான இருக்கு?"

"ஆமாப்பா."

சரி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீரை ஆற்றத் தொடங்கினார்.